வாசலின் எந்தப் பக்கம்

நூலகத்து மாடி அறையில் வெயில் மெல்லிய திரைச்சீலை வழியாக வடிந்து மேசைமேல் பால்போலப் பரவியிருந்தது. அந்த வெளிச்சத்தில் அவளுடைய முதல் நாவலின் ஏழெட்டுப் பிரதிகள் மிதப்பதுபோல் கிடந்தன. காலையெல்லாம் தான் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையில் மற்றவர்களுக்குக் கண் சோதித்துவிட்டு வந்தவளுக்கு, நாவலைப் பற்றிப் பேச வந்து எதிரே உட்கார்ந்திருந்தவர்களின் முகங்கள்கூடச் சரியான லென்ஸ் விழாத எழுத்துகள்போல் கலங்கித் தெரிந்தன.

கடைசி நாற்காலியில் கணவன். வேறு ஊரில் லிஃப்ட் பொருத்தும் வேலை அவனுக்கு. விடுமுறையில் வந்தவன் இன்று மாலை ரயிலேறுகிறான். அங்கேயே இன்னும் மூன்று வருடம் இருக்கச் சம்மதமா என்று கம்பெனியில் கேட்டிருந்தார்கள். "நீ என்ன சொல்ற?" என்று அவன் அவளைக் கேட்டான். வெட்கமோ வீம்போ, "என் புத்தகத்தப் படிங்க, அதுல இருக்கு" என்றுவிட்டாள். படித்தான். அதன்பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

"தப்பா நினைக்காதம்மா," என்று மருந்துக்கடைக்காரர் ஆரம்பித்தார். "முந்நூறு பக்கமும் பனி. படிச்சு முடிக்கிறதுக்குள்ள எனக்கு மூக்கடைச்சுப் போச்சு."

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்துவைத்தாள்.

"பனியையாவது மன்னிச்சிடலாம். முடிவைத்தான் மன்னிக்க முடியல," என்றார் கணக்கு டீச்சர். "அந்தப் பொண்ணு அத்தனை வருஷம் அவனுக்காகக் காத்துக் கிடக்கிறா. கடைசியில அவன் வாசல்ல நின்னு 'வரேன்'னு சொல்றான். கதை முடிஞ்சுது. கிளம்பிப் போறவனுக்காகவா நான் தூக்கத்தக் கெடுத்துக்கிட்டுப் படிச்சேன்?"

"அதானே!" முன்வரிசையிலிருந்து மாமியார் ஒத்து ஊதினார். "கல்நெஞ்சக்காரன். ஒரு வாய்த் தண்ணி குடிச்சிட்டாவது போனானா?"

போகிறவனா? அவள் தன் பனிக்குள்ளேயே விழுந்ததுபோல் இருந்தது. ஈரச் செருப்போடு அவன் படியேறி வருவது, மூடிய கதவில் உள்ளங்கையை வைப்பது, எல்லாம் அவள் கண்ணுக்கு இப்போதும் தெரிந்தது. அவ்வளவு தெளிவாகத் தெரிந்ததால்தானோ என்னவோ, எழுத வேண்டும் என்றே தோன்றவில்லை.

"அவன் போகலையே," என்றாள். குரல் வேறு யாருடையதோபோல் ஒலித்தது. "வரான். வெளியில நின்னு, உள்ள வரேன்னு சொல்றான்."

பக்கங்கள் சரசரவென்று புரண்டன. டீச்சர் கடைசிப் பக்கத்தை விரலால் தடவிப் பார்த்தார்.

"கதவுக் கொண்டி துருப்பிடிச்சதுகூட எழுதியிருக்கு. ஆனா அவன் எந்தப் பக்கம் நிக்கிறான்னு எங்கயும் இல்லையேம்மா!"

"ஊருக்கெல்லாம் கண்ணு சரி பண்றவ, வாசலக் கோட்டை விட்டுட்டாளே!" என்றார் மாமியார்.

இந்தமுறை அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. கடைசி நாற்காலியைப் பார்த்தாள். அவன் எழுந்து நின்றிருந்தான்.

"நானும் அவன் போறான்னுதான் படிச்சேன்," என்றான். "நான் தூரத்துல இருந்தாத்தான் உனக்கு எழுத்து வரும்போலன்னு..."

"சம்மதம்னு சொல்லிட்டீங்களா?"

"ரயில் ஏறுறதுக்கு முன்னாடி சொல்லலாம்னு இருந்தேன்."

மருந்துக்கடைக்காரர் சட்டென்று மேல்கூரையை ஆராயத் தொடங்கினார். கணவன் திரும்பி நடந்து, அறையைவிட்டு வெளியே போனான். கதவு தானாகச் சாத்திக்கொண்டது.

"டேய், எங்கடா போற?" என்று மாமியார் பதறினார்.

திரைச்சீலை எழுந்து அடங்கியது. மேசைமேல் வெளிச்சம் ஒருமுறை அசைந்தது. அவள் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கதவு தட்டப்பட்டது.

"நல்லாக் கேட்டுக்கோ, வெளியிலதான் நிக்கிறேன்," என்றது அவன் குரல். "அந்த மூணு வருஷம் வேண்டாம்னு சொல்லிடறேன். வரேன்."

நாவலில் அந்தப் பெண்ணின் பதிலையும் அவள் எழுதாமல்தான் விட்டிருந்தாள்.

"வாங்க," என்றாள்.