தங்கை எடுத்த அழைப்பு

மாற்றுத்திறனாளிகள் உதவித்தொகை அலுவலகத்தில் போன் எடுப்பது என் வேலை. அரசு இந்த ஆண்டும் எங்களுக்கான நிதியைக் குறைத்தது. குறைத்த புண்ணியவான்கள் யாரும் எங்களுக்குப் போன் போட்டுக் காத்திருக்கப் போவதில்லை. அறை நிறைய மேசைகள் உண்டு. ஆட்கள் என்னவோ நானும், மூக்குக்கண்ணாடி போட்ட பக்கத்து மேசை அக்காவும் மட்டும்தான்.

மதியம் ஒரு அழைப்பை எடுத்தேன்.

"பாப்பா, நீயா?"

என் அண்ணன். லாரி ஓட்டியவர். முதுகெலும்பு உடைந்ததிலிருந்து கட்டிலே கதி. மறுபரிசோதனைக்கு நேரில் வர முடியாது, டாக்டரை வீட்டுக்கு அனுப்புங்கள் என்று இன்றைக்குள் பதியாவிட்டால் அவருக்குப் பணம் நின்றுவிடும்.

"காலையிலேர்ந்து காத்திருக்கேன். நீங்க போடுற பாட்டு மனப்பாடமே ஆயிடுச்சு."

சொந்தக்காரர்களின் கோப்புகளை நாங்கள் திறக்கக் கூடாது. திறந்தால் என் வேலை போவது இருக்கட்டும், விசாரணை முடியும்வரை அவர் பணத்தையும் முடக்கிவிடுவார்கள். முன்பெல்லாம் இப்படி வரும் அழைப்பைப் பக்கத்து மேசைக்கு மாற்றிவிடுவோம். செலவு மிச்சமென்று அந்த வசதியை எடுத்துவிட்டார்கள். இப்போது வரிசையின் கடைசிக்குத்தான் அனுப்ப முடியும்.

"அண்ணே, நான் எடுக்கக் கூடாது. திரும்ப வரிசையில விடறேன். அக்காகிட்ட போயிடும்."

"சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான்னு சொல்வாங்க. இங்க பூசாரியே என் தங்கச்சி," என்று சிரித்தார்.

வரிசை சீக்கிரம் நகரட்டுமென்று பேய் பிடித்தவள் மாதிரி வேலை பார்த்தேன். கணவருக்குப் பார்வை போனதைச் சொல்லி அழுத ஒரு பெண்ணின் அழைப்பைப் பாதியிலேயே துண்டித்தேன். என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது.

மூடும் நேரம் நெருங்கியது. அக்கா இன்னொருவரோடு பேசிக்கொண்டிருந்தாள். என் போன் அடித்தது.

"வணக்கம் மேடம். என்னை உங்களுக்குத் தெரியாது."

சின்ன வயதில் போலீஸ்காரர் மாதிரி பேசி என்னைப் பயமுறுத்திய அண்ணனின் அதே கட்டைக் குரல். ஆனால் அவரை உறவினர் என்று வேலையில் சேர்ந்த அன்றே நான் எழுதிக் கொடுத்திருந்தேன். அவர் உதவித்தொகை எண்ணைக் கணினியில் தட்டினாலே மேலதிகாரிக்குத் தெரிந்துவிடும். அக்காவைப் பார்த்துக் கையாட்டினேன். அவள் காதிலிருந்த போனைக் காட்டி உதட்டைப் பிதுக்கினாள்.

"சார்... மறுபடியும் வரிசையில விடறேன்."



"சரிங்க மேடம். நீங்க மதியம் சாப்பிட்டீங்களா?"

"சாப்பிட்டேன் சார்," என்று பொய் சொல்லிப் பொத்தானை அழுத்தினேன்.

ஐந்து மணி அடித்ததும், வரிசையில் இருந்த எல்லோரையும் இயந்திரம் துண்டித்தது.