சீப்பைத் தூக்கிய பந்து

லைல் ஹெண்டர்ஷாட் எறிந்த பந்து ஒன்று, மட்டைக்காரனின் இடுப்பைச் சுற்றிக்கொண்டு போய், அவன் பின்பாக்கெட்டில் இருந்த சீப்பை உருவிக்கொண்டு என் கையுறைக்குள் வந்து விழுந்தது. பார்த்தேன் என்று மட்டும் சொல்லவில்லை, பிடித்தவனே நான்தான். ஐம்பத்தெட்டாம் ஆண்டு, ஓட்டர் பெண்ட் மைதானம், ஆகஸ்ட் மாத ஞாயிறு, பகல் மூன்றரை மணி. சிரிக்கிறவர்கள் சிரித்து முடியுங்கள், காத்திருக்கிறேன்.

அப்போது நான் ஓட்டர் பெண்ட் அணியின் கேட்சர், மட்டைக்காரனுக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து பந்தைப் பிடிக்கிறவன். பேஸ்பால் ஏணியின் கடைசிப் படி எங்கள் லீக். அதற்குக் கீழே அயோவாவின் சோளக்காடுதான். லைலுக்குப் பத்தொன்பது வயது, பன்றிப் பண்ணையிலிருந்து நேராக வந்திருந்தான். கை முழங்காலுக்குக் கீழே தொங்கும். குனியாமலே ஷூ லேஸ் கட்டுவான். மரியாதை அந்தக் கையைவிட நீளம். எதிரணிக்காரனை அவுட்டாக்கிவிட்டு, "மன்னிச்சுக்குங்க" என்பான்.

முதல் ஆறு வாரத்தில் ஏழு ஆட்டம் எறிந்தான். நான்கில் அவனை அடித்த அடியில், பந்துகள் பக்கத்து ஊரில் இறங்கிக் குடும்பம் நடத்தத் தொடங்கிவிட்டன. மற்ற மூன்றில் ஒருவனாலும் தொட முடியவில்லை. பந்து நேராக வரும். கடைசி நொடியில், அடுப்பை அணைக்க மறந்துவிட்டவள் மாதிரி சட்டென்று திரும்பி இறங்கும். அந்த மூன்று ஆட்டத்துக்கும் அம்பயர் ஒரே ஆள், கிரெஸ்.

கிரெஸ் தன் கல்யாணத்தன்று மோதிரத்தைக் கடித்துப் பார்த்த மனிதர். மழை பெய்தால் யார் பெய்ய வைத்தது என்று விசாரிப்பார். மற்ற அம்பயர்கள் முன்னால் அடி வாங்குகிறவன் தன் முன்னால் மட்டும் மந்திரவாதி ஆகிறான் என்றால் தன்னைத்தான் குருடன் என்று நினைத்திருக்கிறான், பந்தில் எச்சிலோ எண்ணெயோ தடவுகிறான் என்று முடிவு கட்டியிருந்தார். அணிக்குள்ளேயும் அதே பேச்சு. பாதிப் பேர் ரகசியமாக லைலின் தொப்பியை மோந்து பார்த்திருந்தார்கள். நான் இரண்டு முறை.

எங்கள் மேனேஜர் பங்க் டாலிவர் ஒளித்துப் பேசத் தெரியாதவர். "டேய், உன்னைத் திருட்டுப் பயன்னு ஒரு அம்பயர் சொல்லட்டும், அன்னிக்கே உன்னைப் பண்ணைக்கு ஏத்திவிட்டுருவேன்" என்று சொல்லி, பஸ் டிக்கெட்டை வாங்கிச் சட்டைப் பையிலேயே வைத்திருந்தார். அதன் நுனி எப்போதும் வெளியே தெரியும். லைலின் கண் அங்கேயே போகும்.

அந்த ஞாயிறு, கடைசிச் சுற்று. நாங்கள் ஒரு ரன் முன்னால். இரண்டு பேர் அவுட். இன்னும் ஒருவன் போதும். வந்தவன் வெர்ன் ஸ்டகி. தலையில் அரை டப்பா கிரீஸ் தடவி, வாத்து வால் மாதிரி சீவி, சீப்பைப் பின்பாக்கெட்டில் பாதி வெளியே தெரியச் செருகியிருப்பான். அவனுக்கு இரண்டு ஸ்டிரைக் ஆகி, மூன்றாவது விழுந்தால் அவுட் என்ற நிலை வந்ததும் கிரெஸ் கையைத் தூக்கி ஆட்டத்தை நிறுத்தினார்.

"கழட்டு தொப்பியை."

தொப்பி, பெல்ட், காது மடல், நாக்கின் அடிப்பக்கம் எல்லாவற்றையும் சோதித்தார். பாக்கெட்டில் பாதி அவித்த முட்டை கிடைத்தது. மோந்து பார்த்தார்.

"இது எதுக்குடா?"

"பசிச்சா சாப்பிட, ஐயா."

"கிரீஸ் வேணும்னா ஸ்டகி தலையில தேடுய்யா!" என்று கூட்டத்தில் ஒருவன் கத்தினான். கிரெஸ் அசையவில்லை. வாளியில் சோப்புத் தண்ணீர் வரவழைத்து லைலின் கையை முழங்கை வரை கழுவ வைத்தார். பிறகு டப்பாவிலிருந்து, பிரிக்காத பந்து ஒன்றை எடுத்துக் கொடுத்தார். "இப்ப எறி பார்ப்போம்."

எறிந்தான். பந்து ஆணி அடித்த பலகை மாதிரி நேராக வந்தது.

"பார்த்தீங்களா! கையைக் கழுவினதும் வித்தையும் கழுவிப் போச்சு!" கிரெஸுக்கு முகமெல்லாம் வெளிச்சம். டாலிவர் டிக்கெட்டை வெளியே எடுத்துவிட்டார். லைல் தன் நீண்ட கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றான், அவை அவனுக்குத் தெரியாமல் ஏதாவது செய்திருக்குமோ என்று.

எனக்கும் சந்தேகம்தான். ஆனால் வேறு சந்தேகம். "அம்பயரே, அதே கை, கழுவின கை. இப்ப உங்க பையில இருக்குற, நாங்க ஆடுற பந்தைக் குடுங்க."

கொடுத்தார். எறிந்தான். பந்து பாதி வழியில் திரும்பி, இறங்கி, என் கணுக்காலில் அடித்தது.

 டாலிவர் மெதுவாகச் சொன்னார்: "அப்ப வித்தை கையில இல்ல. பந்துல இருக்கு. பந்தைத் தொட்டது யாரு?"

எங்கள் தொழிலில் புதுப் பந்தை அப்படியே ஆட்டத்துக்கு விடமாட்டார்கள். பளபளப்பு போக, ஆட்டத்துக்கு முன் அம்பயரே அதற்கென்று டப்பாவில் வைத்திருக்கும் சேற்றைத் தடவித் தேய்த்துத் தருவார். கிரெஸின் இடது கட்டைவிரல் அந்த வசந்தத்தில்தான் முறிந்து, கட்டை மாதிரி நின்றுவிட்டது. இடது கையில் வெறுமனே பந்தைத் தாங்கிப் பிடித்து, வலது விரலால் தேய்த்திருக்கிறார். ஒரு பாதி சொரசொர, மறு பாதி கண்ணாடி. அப்படிப்பட்ட பந்து காற்றில் நேராகப் போகாது.

"ஏண்டா, வாங்கினதும் ரெண்டு கையாலயும் தேய்ச்சுக்க மாட்டியா? அனுபவப்பட்டவன் எல்லாம் அதைத்தான செய்வான்?" என்றேன் லைலிடம்.

லைலுக்குக் காது சிவந்தது. "அம்பயர் தேய்ச்சுக் குடுத்ததை நான் மறுபடி தேய்ச்சா, அவர் வேலை சரியில்லன்னு சொன்ன மாதிரி ஆயிடாதா அண்ணே? சொரசொரப் பக்கம் ஒண்ணு இருந்துச்சு, பிடிக்க வசதியா இருந்துச்சு. உள்ளூர்ப் பந்து இப்பிடித்தான் போலன்னு நினைச்சேன்."

இப்போது ஆயிரம் கண்ணும் கிரெஸின் கட்டைவிரல் மேல். அவர் அதைப் பாக்கெட்டுக்குள் ஒளித்துக்கொண்டார். "என் பந்துல ஒரு குறையும் கிடையாது! பந்து தானா வளையாது. இவன்தான் ஏதோ செய்யிறான், கண்டுபிடிக்கிறேன். ஆடுங்க!"

"நான் தேய்ச்சுக்கட்டுமா ஐயா?" என்றான் லைல்.

"தொடாதே!"

தொடவில்லை. கிரெஸ் தேய்த்த அதே பந்தை, சோற்றுத் தட்டை வாங்குவது போல் பணிவாக வாங்கி எறிந்தான். ஸ்டகி மட்டையைச் சீக்கிரமே வீசிவிட்டான். வீசிய வேகத்தில் மட்டையோடு பம்பரமாகச் சுழன்று, முதுகைக் காட்டினான். அப்போதுதான் பந்து திரும்பிற்று. டக் என்று ஒரு சத்தம். என் கையுறைக்குள் பந்து. பந்தின் மேல் சீப்பு.

"மேல பட்டுச்சு! எனக்கு முதல் பேஸ் தரணும்!" என்று குதித்தான் ஸ்டகி.

மட்டையை வீசியபின் பட்டால் மூன்றாவது ஸ்டிரைக், ஸ்டகி அவுட், லைலுக்கு வேலை நிலைக்கும். வீசாமல் பட்டால் அவன் அடிக்காமலே முதல் பேஸுக்கு நடந்து போகலாம், ஆட்டம் தொடரும். ஆனால் எதைச் சொல்வதென்றாலும், பந்து வளைந்து போய்ச் சீப்பை எடுத்தது என்று கிரெஸ் முதலில் தன் வாயால் ஒப்புக்கொள்ள வேண்டும். டாலிவரின் கையில் டிக்கெட் வியர்வையில் நனைந்து சுருண்டிருந்தது.

கிரெஸ் சீப்பை வாங்கினார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், மோந்து பார்த்தார். பாக்கெட்டிலிருந்து கட்டைவிரலை வெளியே எடுத்து, அதையும் ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு சீப்பை ஸ்டகியிடம் நீட்டினார்.

"வீசினே, அப்புறம்தான் பட்டுச்சு. நீ அவுட்டு." கட்டைவிரலை எல்லோருக்கும் தெரியத் தூக்கிக் காட்டினார். "பந்து வளைஞ்சுதான் வந்துச்சு. பையன் ஒண்ணும் பண்ணல, பண்ணினது என் விரல். சீப்பையும் பார்த்தேன். நடந்துச்சுய்யா, நடந்துச்சு."