ஜெனரல் குரூப் போதுமாம்

யசோதா உள்ளே நுழைந்து வணக்கம் சொன்னதுமே, மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்த மூன்று பேரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். எழுபத்தொன்றாம் வருஷம், பெங்களூரில், எம்.ஏ. பொருளாதாரத்துக்கான நேர்காணல்.

"ஏம்மா கத்தறே? நாங்க இங்கேதானே இருக்கோம்" என்றார் நடுவிலிருந்த பேராசிரியர். கோலார் தங்கவயல் மாரிகுப்பத்துப் பெண் என்று விண்ணப்பத்தில் பார்த்ததும் இங்கிலீஷை விட்டுத் தமிழுக்கு இறங்கி வந்தவர்.

அவள் கத்தவில்லை. வீட்டில் பேசுகிற குரலே அதுதான். அப்பா தம்மபாலன் சுரங்கத்துக்குள் பாறையில் டிரில் மெஷின் பிடிக்கிறவர். காது பாதி போய்விட்டது. அவருக்குக் கேட்க வேண்டுமென்றால் தெருவுக்கே கேட்கும்படிதான் பேச வேண்டும். சுரங்கக்காரர்களின் அந்த லைன் வீடுகளில் முக்கால்வாசிப் பிள்ளைகளுக்கு இதே குரல்தான். அங்கே யாரும் அதைத் திமிர் என்று எடுத்துக்கொண்டதில்லை.

இங்கே எடுத்துக்கொண்டார்கள்.

"கணக்கு சேர்ந்த பொருளாதாரம் கஷ்டம்மா. எட்டு பசங்கதான் இருக்காங்க, பொண்ணுங்களே இல்லை. பேசாம ஜெனரல் குரூப் எடுத்துக்கோ. ஐந்தாண்டுத் திட்டம், கிராமக் கடன்னு கட்டுரை எழுதினாப் போதும்."

"பி.எஸ்ஸி. கணக்குல நான் ஃபர்ஸ்ட் கிளாஸ் சார்."

"உங்க ஊர் காலேஜ்லதானே?" என்று பக்கத்திலிருந்தவர் சிரித்தார்.

யசோதாவுக்குச் சுள்ளென்று ஏறியது. "இன்னா சார், எங்க ஊர்ல மட்டும் ரெண்டும் ரெண்டும் அஞ்சா?"

நடுவிலிருந்தவர் முகம் கடுத்தது. "எதுக்கு இந்தப் பிடிவாதம்? அதைச் சொல்லு."

"எங்க ஊர்ல எடுக்கறது தங்கம். ஆனா நஷ்டம்ன்றாங்க. கூலி கேக்கப் போற சங்கத்துக்காரங்க முன்னாடி ஆபீசருங்க கணக்கைப் படிச்சுக் காட்டுவாங்க. இவங்க தலையாட்டிட்டு எழுந்து வந்துடுவாங்க. எப்படிப் போட்ட கணக்குன்னு கேக்க ஒருத்தருக்கும் தெரியாது. உங்க ஜெனரல் குரூப்ல அந்த நஷ்டத்தைப் பத்திக் கட்டுரை எழுதச் சொல்லிக் குடுப்பீங்க. எனக்குக் கட்டுரை வேணாம் சார். அந்தக் கணக்கை அக்கு வேற ஆணி வேறயா பிரிக்கத் தெரியணும்."

மூவரும் கன்னடத்தில் முணுமுணுத்துக்கொண்டார்கள், அவளுக்குப் புரியாது என்று நினைத்து. மூன்று மாதத்தில் தானாக ஓடிவிடும், இப்போதைக்குப் போட்டு வைப்போம் என்றது அந்த முணுமுணுப்பு.

நடுவிலிருந்தவர் பெயர்ப் பட்டியலை இழுத்தார். எட்டுப் பெயர்களும் மையில் இருந்தன. கீழே அவள் பெயரைப் பென்சிலால் எழுதினார்.

"போய் வா. முதல் பரீட்சை பார்த்துட்டு முடிவு பண்ணிக்கலாம்."

யசோதா நாற்காலியை விட்டு எழவில்லை. "அந்த எட்டு பேருக்கும் பரீட்சை பார்த்துட்டுத்தான் முடிவா சார்?"

அவர் அடுத்தவரைக் கூப்பிட மேஜைமணிமேல் கை வைத்தார்.

"நான் ஓட மாட்டேன்" என்றாள், இந்த முறை கன்னடத்தில். "பேனாவில் எழுதுங்க."

மணிமேல் வைத்த கையை அவர் எடுத்தார். சட்டைப்பையிலிருந்து பேனாவை உருவி, பென்சில் எழுத்தின் மேலேயே, காகிதம் கிழிகிற மாதிரி அழுத்தி எழுதினார். கடைசி எழுத்து முடியும்வரை அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

நன்றி சொல்லவில்லை.