கரையில் கட்டாத வெள்ளை நூல்

எல்பெஃப் நகரக் கம்பளி ஆலையின் சோதனை அறையில் வடக்குப் பக்கச் சன்னலுக்கு முன்னால், உத்தரத்து உருளையிலிருந்து கருநீலக் கம்பளித்துணி மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தது. எங்கே ஓட்டை இருந்தாலும் வெளிச்சம் காட்டிக்கொடுத்துவிடும். அர்மான்ஸ் மீட்டர்களை எண்ணிக்கொண்டு நின்றாள். முப்பத்திரண்டாவது மீட்டர் இன்னும் வரவில்லை.

நெசவில் விழுந்த முடிச்சுகளை இடுக்கியால் பிடுங்குவதும், அறுந்த இழையை ஊசியால் கோத்து இட்டு நிரப்புவதும் அவளுக்குப் பத்தொன்பது வருடப் பிழைப்பு. பார்க்கக்கூட வேண்டாம், விரலே முடிச்சைக் கண்டுபிடித்துவிடும். அந்தத் திமிரில்தான் நேற்று, பக்கத்து மேசை ரொசீன் சொன்ன கதைக்குச் சிரித்தபடியே இழுத்தாள். முடிச்சோடு நாலு இழையும் வந்துவிட்டது. முப்பத்திரண்டாவது மீட்டரில் பருப்பளவு ஓட்டை.

ஓட்டை விழுந்தால் அதற்கு நேரே துணியின் கரையில் வெள்ளை நூல் கட்ட வேண்டும். கட்டினால் துணி இரண்டாந்தரம். கட்டியவளின் பெயர் மேலதிகாரிகளுக்குப் போகும். அவள் பெயர் போன மாதமே போயிருந்தது. இன்னொரு தடவை என்றால் சாயத்தொட்டி வேலைதான். அங்கே உழைத்த அவள் அம்மாவின் கைகள் சவப்பெட்டியிலும் நீலமாகவே கிடந்தன. கட்டாமல் மறைத்துப் பிடிபட்டால் அதுவும் கிடையாது, நேரே வெளிவாசல். அர்மான்ஸ் அதே துணியின் முனையிலிருந்து இழைகளை உருவி, அந்தி வரை குனிந்து நெய்து ஓட்டையை அடைத்தாள். வெள்ளை நூல் பாவாடைப் பையிலேயே தங்கிவிட்டது.

"நிறுத்து" என்றார் சோதனைக்காரர் லெக்குவாந்த்ர். உருளை நின்றது. அவருடைய உள்ளங்கை சரியாக அந்த இடத்தின் மேல் இருந்தது.

"இங்க வாம்மா. இது என்ன?"

அர்மான்ஸ் பக்கத்தில் போனாள். அவர் விரல் ஒரு சாண் கீழே இறங்கிக் குத்தியது. அங்கே ஒரு முடிச்சு.

"இத எதுக்கு விட்டு வெச்சிருக்க? கல்யாணம் பண்ணிக் குடுக்கவா?"

"இதோ எடுத்துடறேன் ஐயா."

இந்த முறை கண்ணால் பார்த்தே பிடுங்கினாள். துணி மறுபடி இறங்கியது. அவர் அடுத்த மீட்டருக்குப் போய்விட்டார்.

மதியச் சங்கு ஊதியதும், யாரும் பார்க்காத நேரத்தில் ஓட்டையை அடைத்த இடத்தைத் தடவினாள். அவள் விரலுக்கே அகப்படவில்லை.

வீடு திரும்பும் வழியில், சேன் ஆற்றுப் பாலத்தில் ரொசீன் நின்று காலுறையை இழுத்துவிட்டாள்.

"சனியன், நழுவிக்கிட்டே இருக்கு. கட்டறதுக்கு ஏதாச்சும் இருக்காடி?"

அர்மான்ஸ் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். ரொசீன் அந்த வெள்ளை நூலைப் பார்த்தாள், அவள் முகத்தைப் பார்த்தாள்.

"அடிப்பாவி. அப்போ இனிமே நான்தான் ரெண்டாந்தரமா?"

முழங்காலுக்குக் கீழே இறுக்கிக் கட்டிக்கொண்டு முன்னால் நடந்தாள். ஒவ்வொரு எட்டுக்கும் பாவாடைக்கடியில் நூலின் நுனி எட்டிப் பார்த்துப் பார்த்து மறைந்தது.