புறங்கைத் தசை

எனக்குப் பேசிவந்த சுவிஸ் மாப்பிள்ளையின் தாய் வீடியோவில் என் முகத்தை விட்டுவிட்டு வலது புறங்கையில் இருந்த கட்டியைத்தான் பார்த்தாராம். மறுநாளே அதை வெட்டுவிக்க அம்மா என்னைக் கொக்குவிலில் ஒரு டொக்டரிடம் கூட்டிவந்துவிட்டார்.

ஸ்கானைப் பார்த்த டொக்டர், “விரலை நிமித்துங்கோ, தங்கச்சி” என்றார். நிமிர்த்தினேன். கட்டி இறுகி எழும்பியது.

“இது கட்டியில்லை. பிறவியிலேயே கூட வந்த சின்னத் தசை. சிலருக்கு இருக்கும். உங்கடை சுட்டுவிரலை இதுதான் நிமித்துது. வெட்டினால் விரல் நிமிராது.”

எனக்கு அப்பாடா என்றிருந்தது. அம்மாவின் முகம் கறுத்தது.

“பரம்பரையா, டொக்டர்?”

“இருக்கலாம். பயப்பிட ஒண்டுமில்லை.”

“கட்டியெண்டால் வெட்டினவுடனை கதை முடிஞ்சுது. பிறவியெண்டால் இவளை ஆர் கட்டுவினம்? கட்டியெண்டே சொல்லி வெட்டிவிடுங்கோ.”

“என்னாலை ஏலாது, அம்மா.”

“அப்ப வேறை ஆளிட்டைக் காட்டுறம்.”

“நான் வரேல்லை” என்றேன். என் சொல்லை அங்கே யார் கேட்டது?

“எழும்படி” என்று அம்மா வாசலைக் காட்டினார். காட்டிய சுட்டுவிரல் எப்போதும்போலப் பாதியில் மடங்கியே நின்றது. கலியாணத்துக்கு முன் கத்தி பட்டது என்று அவர் சொல்லும் தழும்பு, என் கட்டி இருக்கும் அதே இடத்தில் இருந்தது.