எட்டு மணிக்கு வராதவள்

பக்கத்துக் கட்டடத்தில் ஒரு மனிதர் செத்து நாலு நாள் கழித்துத்தான் கதவை உடைத்தார்கள். அதைக் கேட்டதிலிருந்து எனக்கு ஒரு வாய் இறங்கவில்லை. சாவைப் பற்றிப் பயமில்லை. நாலு நாள் கேட்பாரற்றுக் கிடப்பேனே என்பதுதான் பயம். வீட்டுக்காரர் போய் இரண்டு வருஷம். வெளிநாட்டு மகள் ஞாயிற்றுக்கிழமைதான் பேசுவாள். திங்கட்கிழமை நான் விழுந்தால் என் கதி என்ன?

எனக்கிருந்த ஒரே துணை எதிர்வீட்டு நர்ஸக்கா. வேலையிலிருந்து ஓய்வு பெற்றவள், என்னைப் போலவே ஒண்டிக்கட்டை. எங்களுக்குள் ஓர் ஏற்பாடு. வாசலில் போடும் பால் பாக்கெட்டை ஏழரைக்குள் எடுத்துவிட வேண்டும். எட்டு மணிக்கு ஒருத்தி வாசலை மற்றவள் எட்டிப் பார்க்க வேண்டும். பாக்கெட் அப்படியே கிடந்தால் தன்னிடம் கொடுத்து வைத்திருக்கும் மாற்றுச் சாவியோடு உள்ளே போய்விட வேண்டும்.

ஆனால் நான் சட்டைக் கம்பெனியில் முப்பது வருஷம் தையல் சோதித்தவள். இழுத்துப் பார்க்காமல் எதையும் நம்பிப் பழக்கமில்லை. புதன்கிழமை பாலை எடுக்காமல், கதவைத் திறக்காமல், நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

எட்டு மணி. படிக்கட்டில் செருப்புச் சத்தம் கேட்டது. மேல்வீட்டுக்காரன்தான், நிற்காமல் இறங்கிப் போனான். எட்டரைக்குச் சிரிப்பு வந்தது. ஒன்பதுக்குக் கதவில் காதை வைத்துக் கேட்டேன். பத்து மணிக்கு நான் நிஜமாகவே செத்துப்போன மாதிரி இருந்தது. குழாய் சொட்டுவதைத் தவிர வீட்டில் சத்தமே இல்லை. நான் இருந்தால் என்ன, போனால் என்ன என்று வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். பதினொன்றுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டுவிடுவது என்று கதவைத் திறந்தேன்.

என் வாசலில் ஒரு பாக்கெட். எதிர் வாசலிலும் ஒரு பாக்கெட்.

ஓடிப்போய்ச் சாவியை எடுத்து வந்தேன். மூன்றாவது தடவைதான் பூட்டு திறந்தது. அக்கா குளியலறைத் தரையில் கிடந்தாள். விடிகாலையிலேயே வழுக்கி விழுந்திருக்கிறாள். இடுப்பு அசையவில்லை, கத்திக் கத்திக் குரலும் கம்மிப் போயிருந்தது. ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு அவள் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டேன்.

"எட்டு மணிக்கு நீ வரலைன்னதும் பயந்துட்டேன்டி," என்றாள். "உனக்குத்தான் என்னமோ ஆயிடுச்சுன்னு நெனச்சேன். நானும் இப்படிக் கெடக்கிறேன், உன்னை யாரு போய்ப் பாப்பாங்கன்னு அழுதுட்டே கெடந்தேன்."

மூன்று மணி நேரத்தில் அவளைப் பற்றி அந்த நினைப்பு எனக்கு ஒரு தடவைகூட வரவில்லை.

"உடம்புக்கு என்னடி?"

"லேசா காய்ச்சல்க்கா. தூங்கிட்டேன்."

நர்ஸ் அல்லவா, கையைத் தூக்கி என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். அந்தக் கை ஐஸாக இருந்தது. ஆம்புலன்ஸ் இன்னும் வரவில்லை. நான் அந்தக் கையை விடவே இல்லை.