பயிற்சிக்குக் கீறிய படிக்கட்டு

வேலை முடிந்து வந்த பிரஷாந்தனின் நெற்றி வீங்கியிருந்தது. மனைவி கமலினி ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றிக் கொடுத்தாள்.

"உந்தப் படியை எந்த விசரன் கீறினவனோ! ஏறேக்க மேல் உத்தரம் நேரா மண்டையில இடிக்குது. பாதி அடிச்சுப்போட்டம். இனிக் கழட்ட வேணும்."

அவன் சிட்னியின் ஹோம்புஷில் ஒரு புது வீட்டில் தச்சுவேலை செய்துகொண்டிருந்தான். போனில் இருந்த வரைபடத்தைக் காட்டினான். கமலினி அதைப் பெரிதாக்கிப் பார்த்தாள். படியில் வால் பிளந்த ஒரு அம்புக்குறி. அந்தக் குறியை உருவாக்கியவளே அவள்தான்.

"இது நான் கீறினது."

"நீயோ?"

யாழ்ப்பாணத்தில் படவரைஞராக இருந்தவள் அவள். சிட்னியில் உள்ளூர் அனுபவம் இல்லையென்று ஒருவரும் வேலை தரவில்லை. பரமட்டாவில் வரதராஜா என்பவர் கட்டட வரைபடம் தயாரிக்கும் தன் அலுவலகத்திலேயே இலவசமாக மேல்நிலைப் பயிற்சி தருவதாகச் சொன்னார். சொந்தக் குறிகளை உருவாக்குவது, தரைப்படத்தை முப்பரிமாணத்தில் எழுப்புவது என்று கிழமைக்கு ஒரு பயிற்சி.

"பயிற்சியெண்டுதான் தந்தவர். முதல் தரம் உத்தரத்தைக் கவனிக்கேல்லை. முப்பரிமாணத்தில எழுப்பிப் பார்க்கத்தான் பிழை தெரிஞ்சது. அடுத்த நாளே திருத்திக் குடுத்தனான். அந்தாள் முதல் படத்தையே பில்டருக்கு அனுப்பிப்போட்டுது."

பிரஷாந்தன் சிரிக்கப் போனான். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டான்.

மறுநாள் அவள் அலுவலகத்தில் தன் இடத்தில் உட்காராமல் நேரே வரதராஜாவின் மேசைக்கு முன்னால் போய் நின்றாள்.

"சேர், நீங்கள் எனக்குப் பயிற்சிக்குத் தந்த படியில என்ர மனுசன் தலையை இடிச்சுப்போட்டு வந்திருக்கிறார்."

வரதராஜா நிமிர்ந்து பார்த்தார். "பிள்ளை, உண்மையான வேலையில பழகினால்தானே கை வரும்?"

"உண்மையெண்டு சொல்லியிருந்தால் சம்பளம் கேட்டிருப்பன். நீங்கள் ஒருக்காலாவது அதைச் செக் பண்ணினீங்களோ?"

"சத்தம் போடாதேங்கோ. நாளைக்கு நீங்கள் வேலை தேடேக்க ரெஃபரன்ஸ் நான்தான் தரவேணும்."



"உங்கட ரெஃபரன்ஸை நீங்களே வைச்சிருங்கோ. இப்பவே பில்டருக்குப் போன் எடுங்கோ. இல்லாட்டி நான் எடுப்பன்."

அவர் போனைத் தொடவில்லை. பிரஷாந்தனிடம் வாங்கி வந்த எண்ணை அவளே அழுத்தினாள். அந்தப் படம் பிழை, பயிற்சிக்கு வந்த தான் கீறியது, ஒருவரும் சரிபார்க்கவில்லை, திருத்திய படம் இருக்கிறது என்று ஆங்கிலத்தில் ஒவ்வொன்றாகச் சொன்னாள். பில்டர் போட்ட சத்தம் அறை முழுக்கக் கேட்டது. அவள் போனை வரதராஜாவிடம் நீட்டினாள்.

பின்மேசையிலிருந்து, அவளைப் போலவே பயிற்சிக்கு வந்திருந்த கோயம்புத்தூர்ப் பெண் ஹம்சா எழுந்தாள். "அப்போ நான் வரைஞ்ச கிளினிக்கும் நிஜம்தானா சார்?"

போனைக் காதில் வைத்துக்கொண்டு அவர் சுவரைப் பார்த்தார்.

படியைக் கழற்றி, கமலினி திருத்திய படத்தின்படி மீண்டும் அடித்தார்கள். அந்தப் படத்தின் மூலையிலும் வரதராஜாவின் நிறுவனப் பெயர்தான் இருந்தது என்று பிரஷாந்தன் வந்து சொன்னான். அன்று அவள் சாப்பிடவில்லை. சம்பளமில்லாமல் வேலை வாங்கியதாக அவளும் ஹம்சாவும் சேர்ந்து தொழிலாளர் உரிமை அலுவலகத்தில் புகார் கொடுத்தார்கள். இன்னும் முடிவில்லை.

வேலையும் இன்னும் கிடைக்கவில்லை. குசினியில் அடுப்புக்குப் பக்கத்து மேசையில் பழைய லாப்டொப்பை வைத்து, தனக்குத் தானே பயிற்சி கொடுத்துக் கீறுகிறாள். சில நேரம் விசைகளை அவள் அடிக்கிற அடி ஹோலில் இருப்பவனுக்கும் கேட்கும்.

"மெல்ல அடியன், உடையப்போகுது," என்பான் பிரஷாந்தன்.

"உடையட்டும்," என்பாள்.